மண் பாதைக்கும் தார்ச் சாலைக்கும் ஒரே டயர்

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று உறுதியற்ற மனிதரைக் கேலி செய்வது நம் நாட்டு வழக்கம். ஆனால் நம் சங்க அங்கத்தினர் பலருடைய மோட்டார் சைக்கிளுக்கு நாள்தோறும் அதுவே பிழைப்பாயிருக்கிறது. விடியற்காலையில் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் சரளையையும் வேரையும் சேற்றையும் கடந்து வர வேண்டும். அடுத்த கால் மணி நேரத்தில் தார்ச் சாலையில் ஏறி, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே சில கிலோமீட்டர் ஓட வேண்டும். திரும்பும்போது மறுபடியும் அதே மண். மலை மேல் மிளகும் காப்பியும் விளைவிப்போர் நிலை இது. வாய்க்கால் கரைப் பாதை வழியே நெய்த துணியைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து, நூல் வாங்கிக்கொண்டு திரும்பும் நெசவாளர் நிலையும் இதுவே.

இத்தகையோர் டயர் வாங்கப் போகும்போது இரு தவறுகளில் ஒன்றைச் செய்கின்றனர். பாதை கரடுமுரடானது என்பதற்காகப் பெரிய பெரிய கட்டைகள் வைத்த ‘பட்டன் டயரை’ மாட்டிவிடுவோர் ஒரு சாரார். இவர்களுள் இளைஞர் அதிகம். வண்டியோடு வந்த சாலை டயரையே வழுவழுப்பாகத் தேயும்வரை ஓட்டுவோர் மற்றொரு சாரார். இவர்களுள் பெரியவர்கள் அதிகம். இரண்டுக்கும் இடையே, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான டயர் என ஒரு வகை உண்டு. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை அங்கத்தினர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வண்டி வழுக்கினால் விழுவது குடும்பத்தைத் தாங்கும் ஆள் என்பதால், இதனைச் சிறு விஷயமாகக் கருதுவதற்கில்லை.

நாம் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், கொல்லிமலையில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் ஏறும் தார்ச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை அன்பர்கள் அறிவர். மேலே சென்ற பின், தோட்டம் வரை செம்மண் பாதை. இதனைச் சொன்னவுடன், நகரத்துக் கடைக்காரர் ஒருவர் நம் வண்டிக்கு இரு பட்டன் டயர்களை மாட்டிக் கொடுத்தார். “இனி நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்” என்றும் சொன்னார். நாமும் நம்பினோம்.

செம்மண் பாதையில் வண்டி உடும்பு போல் பற்றிக்கொண்டு ஏறியது. உறவினரிடம் டயரைப் பற்றிப் பெருமை பேசினோம். மறுநாள் 20 கிலோ மிளகைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்குகையில் ஐப்பசித் தூறல் பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் பிரேக்கை மெல்லத்தான் மிதித்தோம். பின் சக்கரம் பக்கவாட்டில் நழுவியது. அடுத்த நொடி நாம் சாலையில் கிடந்தோம். எதிரே மேலேறி வந்த பஸ், ஓட்டுநரின் நிதானத்தால், நமக்குப் பத்தடி முன்னதாக நின்றது. முழங்கையில் சிராய்ப்பு, சாலை முழுவதும் மிளகு. பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கி, மழையில் குனிந்து, பொறுக்க முடிந்ததைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கொடுத்தனர்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். அப்பிரயாணத்தில் வண்டி தாரில் ஓடியது 100 கிலோமீட்டருக்கு மேல். மண்ணில் ஓடியது 6 கிலோமீட்டர். அந்த 6 கிலோமீட்டருக்காக மற்ற 100-ஐப் பணயம் வைத்திருக்கிறோம்! மேலும், புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாயிருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரையேனும் வளைவிலும் பிரேக்கிலும் நிதானம் வேண்டும். அதனையும் நாம் அப்போது அறிந்திலோம்.

டயருக்குள் ஒரு பாவு

தேர்ந்தெடுக்கும் முறைக்குள் புகுமுன், டயர் என்பது யாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். விளைவிப்போரும் நெய்வோரும் சேர்ந்த சங்கத்தாருக்கு இது வெகு எளிதில் விளங்கும். ஏனெனில் டயரே விளைவிப்போரும் நெய்வோரும் சேர்ந்து ஆக்கிய பொருள்தான்.

டயரின் ரப்பரில் ஒரு பங்கு, கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் விடியுமுன் மரத்தைக் கீறி எடுக்கும் பாலிலிருந்து வருவது. மறு பங்கு ஆலையில் செய்யும் செயற்கை ரப்பர். தேய்மானத்தைத் தாங்கும் பொருட்டு இவற்றோடு கரித்தூள் சேர்க்கப்படுகிறது. டயரின் கறுப்பு நிறம் அதனால் வந்ததே. ஆனால் வெறும் ரப்பர் காற்றின் அழுத்தத்தைத் தாங்காது. ஊதிப் பெருத்து வெடித்துவிடும். அதனைக் கட்டி வைப்பது உள்ளே உள்ள நூல்.

1888-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்பவர் தம் மகனது மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் செய்தபோது, ரப்பர்க் குழாய்க்கு மேல் துணியைத்தான் சுற்றினார். பின்வந்த டயர்களிலும் சாதாரண நெசவுத் துணி இருந்தது. சக்கரம் உருளும்போதெல்லாம் பாவும் ஊடையும் ஒன்றையொன்று உராய்ந்து, சூடேறி, அறுந்துபோயின. இக்குறையைப் போக்கக் கண்டுபிடித்த துணி விசித்திரமானது. அதில் முறுக்கேறிய தடித்த பாவு இழைகள் நெருக்கமாக நிற்கும். ஊடையோ அங்கங்கே மெல்லிய இழையொன்று மட்டும். ரப்பர் பூசும் வரை பாவு கலையாமல் பிடித்திருப்பதே அவ்வூடையின் வேலை. முதலில் பருத்தியிலும், பின்னர் ரேயானிலும், அதன்பின் நைலானிலும் இப்பாவு அமைந்தது. இருசக்கர வண்டி டயர் பலவற்றில் இத்தகைய பாவு அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகச் சாய்த்து ஒட்டியிருப்பார்கள்.

இதனை ஏன் சொல்கிறோமெனில், தரையைத் தொடும் ரப்பரின் உருவத்தை மட்டும் பார்த்து டயர் வாங்குவோர், உள்ளே உள்ள இப்பாவை மறந்துவிடுகின்றனர். கல்லும் முள்ளும் உள்ள பாதையில் டயர் உயிரோடிருப்பது பெரும்பாலும் இதன் வலுவைப் பொறுத்ததே. வேட்டியின் கரையைப் பார்த்து மயங்காமல் நூலைத் தடவிப் பார்க்கும் வழக்கம் நம்மவர்க்கு உண்டல்லவா? டயருக்கும் அதுவே பொருந்தும்.

மண்ணில் பிடிப்பது தாரில் ஏன் நழுவுகிறது?

தளர்ந்த மண்ணில் டயர் முன்னேற வேண்டுமானால் மண்ணுக்குள் பல் பதிய வேண்டும். பட்டன் டயரின் கட்டைகள் உயரமாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருப்பதால், கலப்பையின் கொழு போல் மண்ணுக்குள் இறங்கிப் பற்றுகின்றன. இடைவெளி அகலமாக இருந்தால்தான், அப்பிய சேறு சக்கரம் சுழலும் வேகத்தில் உதிர்ந்து, அடுத்த சுற்றுக்குப் பல் மறுபடியும் வெளிவரும்.

தார்ச் சாலை கொழு இறங்கும் நிலம் அன்று. அங்கே ரப்பர் எவ்வளவு பரப்பில் சாலையைத் தொடுகிறதோ, அதனைப் பொறுத்தே பிடிப்பு அமைகிறது. ஒரு சக்கரம் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கையளவுதான். அதிலும் பாதி இடைவெளியாகிவிட்டால் மிஞ்சுவது என்ன? போதாக்குறைக்கு, உயரமான கட்டைகள் வளைவிலும் பிரேக்கிலும் மடங்கி நெளிகின்றன. வண்டி நம் சொற்படி கேளாமல் ஆடுகிறது. மழை நாளில் இவ்விரண்டும் சேர்ந்து வண்டியை வீழ்த்துகின்றன. வெயில் நாளிலோ, நெளிவதால் கட்டைகள் சூடேறி வெகு சீக்கிரம் தேய்கின்றன.

பொது வகை டயர் இவ்விரண்டுக்கும் சமரசம் செய்வது. நடுவில் கட்டைகள் நெருங்கி நிற்கும். நேர்ச் சாலையில் ஓடுவது இப்பகுதியே. ஓரங்களில் கட்டைகள் விலகி நிற்கும். மண்ணில் புதையும்போது பற்றுவது அப்பகுதி. கட்டையின் உயரமும் பட்டன் டயரைவிடக் குறைவு, சாலை டயரைவிட அதிகம். சமரசம் என்றாலே இரு தரப்பும் ஏதோ விட்டுக்கொடுக்க வேண்டும். எவ்வளவு மண்ணை விட்டுக்கொடுப்பது, எவ்வளவு தாரை விட்டுக்கொடுப்பது என்பதே கேள்வி.

முதலில் உங்கள் பாதையை அளவுங்கள்

கடைக்குச் செல்லுமுன் ஒரு வாரம் ஒரு சிறு நோட்டில் எழுதி வாருங்கள். இன்று மண்ணில் எத்தனை கிலோமீட்டர், தாரில் எத்தனை, மழை உண்டா, சுமை எவ்வளவு என்று நான்கே பத்தி போதும். வண்டியின் மீட்டரே தூரத்தைச் சொல்லிவிடும். மனக்கணக்கை நம்ப வேண்டாம். கரடுமுரடான பாதை மனத்தில் நீண்டு தெரியும். வழவழப்பான சாலை சுருங்கித் தெரியும். நம் 6 கிலோமீட்டர் நமக்கு 30 போல் தோன்றியதும் இதனாலேயே.

உற்பத்தியாளர் சிலர் தம் டயரைச் சாலைக்கு 80 பங்கு, மண்ணுக்கு 20 பங்கு என்றும், 50-க்கு 50 என்றும் குறிப்பிடுகின்றனர். இது சட்டம் வகுத்த அளவு அன்று, அவரவர் கணிப்பே. ஆயினும் ஒரு வழிகாட்டியாகக் கொள்ளலாம். மண் ஐந்தில் ஒரு பங்குதான் எனில், நெருங்கிய கட்டையுள்ள சாலைச் சாய்வு டயரே போதும். ஏறத்தாழப் பாதிப் பாதி எனில் 50-க்கு 50 வகை. பெரும்பகுதி மண்ணே, தார் இரண்டொரு கிலோமீட்டர் துண்டுதான், அதுவும் மலைச் சரிவு அன்று, வேகமும் அற்பம் எனில், திறந்த கட்டை வகையைப் பார்க்கலாம். அப்போதும் சாலையில் ஓட்ட அனுமதிக்கப்பட்ட டயர்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட சில பட்டன் டயர்களின் பக்கத்தில் ‘சாலை உபயோகத்துக்கன்று’ என்றே பொறித்திருக்கும்.

பங்கு பிரித்த பின் ஒரு திருத்தம் அவசியம். உங்கள் தார்த் துண்டில் கொண்டை ஊசி வளைவோ, லாரிப் போக்குவரத்தோ, மழைக்காலப் பிரயாணமோ இருந்தால், ஒரு படி சாலைப் பக்கமாகவே சாய்ந்து தேர்ந்தெடுங்கள். தோட்டத்துச் சேற்றில் மெல்லப் போகையில் சக்கரம் சுழன்று நின்றால், காலை ஊன்றி இறங்கித் தள்ளலாம், வேட்டி சேறாகும். ஈரத் தாரில் லாரிக்கு முன்னால் நழுவினால் இறங்கித் தள்ளச் சமயம் கிடைக்காது. தூரம் குறைவானாலும் ஆபத்து அங்கேயே அதிகம். இக்கட்டுரையில் மற்ற யாவற்றையும் மறந்தாலும் இதனை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

பயிருக்கு மண் பார்ப்பது போல

நிலத்தைப் பார்த்துப் பயிரிடுவோருக்கு நிலத்தைப் பார்த்து டயர் வாங்கக் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும் சில குறிப்புகள்.

செம்மண் சரளை: நடுத்தரக் கட்டைகள் தாராளமாகப் போதும். உருளும் சிறு கல்லின் மேல் எந்த டயரும் ஓரளவு நழுவத்தான் செய்யும். வேகமே இங்கு மருந்து.

ஆற்று மணல்: கட்டையின் உயரத்தைவிட டயரின் அகலமும், சற்றுக் குறைந்த காற்றுமே உதவும். மணலில் வேகத்தைத் திடீரெனக் குறைத்தால் முன் சக்கரம் புதைந்து கைப்பிடியைப் பறிக்கும்.

வண்டலும் களியும்: அகன்ற இடைவெளியுள்ள கட்டைகளே சேற்றை உதறும். நெருங்கிய கட்டைகள் நிமிஷத்தில் நிரம்பி, டயர் மெழுகிய உருளைபோல் ஆகிவிடும்.

கரிசல்: காய்ந்த கரிசலில் எந்த டயரும் ஓடும், நனைந்த கரிசலில் எந்த டயரும் ஓடாது. அது சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் ஏறி, சக்கரத்தையே பூட்டிவிடும். நல்ல மழைக்குப்பின் ஒரு நாள் வெயில் காயும்வரை வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு நடப்பதே விவேகம். இதற்கென டயருக்குச் செலவு செய்தல் வீண்.

பாறையும் வேரும் நிறைந்த மலைப் பாதை: இங்கு உயரமான பட்டனால் பயனில்லை. மென்மையான ரப்பரும் உறுதியான பக்கச் சுவருமே வேண்டுவன. நனைந்த வேரைச் சாய்வாகக் கடக்காமல் நேர் குறுக்காகக் கடக்க வேண்டும்.

முன் சக்கரமும் பின் சக்கரமும்

இரண்டு சக்கரங்களின் கடமையும் வேறு. முன் சக்கரம் வழிகாட்டுவது. பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்னே சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கும் அதனுடையதே. பின் சக்கரம் உந்துவதும் சுமப்பதும். ஆகவே விரைவில் தேய்வதும் அதுவே. பின் சக்கரம் சற்று நழுவினால் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் நழுவினால் சமாளிப்போர் அரிது.

எனவே தேய்ந்த டயரை முன்னுக்கு மாற்றி, புதியதைப் பின்னுக்குப் போடும் சிக்கனம் ஆபத்தான சிக்கனம். இரண்டும் ஒத்த வகையாக இருப்பதே பொதுவான விதி. வேறுபாடு வேண்டுவோர், முன்னே ஒரு படி மட்டும் திறந்த கட்டையும், பின்னே நடுப்பகுதி நெருங்கி நெடுநாள் உழைக்கும் கட்டையுமாக அமைக்கலாம். முன்னே பெரிய பட்டன், பின்னே வழுக்கை என்னும் கோலம் ஒருபோதும் கூடாது.

சக்கரத்தின் அளவும் கவனிக்கத் தக்கது. மண் பாதைக்கென்றே செய்த வண்டிகளில் முன் சக்கரம் 21 அங்குலமாக இருப்பதைக் காணலாம். பெரிய சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் எளிதில் ஏறிக் கடக்கும். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது 17 அல்லது 18 அங்குலச் சக்கரமுள்ள சாதாரண வண்டிகள். அவ்வளவிலும் பொது வகை டயர்கள் கிடைக்கின்றன. ஆசைக்காக மிக அகலமான டயரை மாட்டினால் அது சங்கிலியிலோ மட்கார்டிலோ உராயும். ரிம்மில் சரியாக உட்காராமல் உருவமும் கெடும். வண்டிக் கையேட்டில் சொன்ன அளவையே கடைப்பிடிப்பது உசிதம்.

பக்கச் சுவரில் எழுதியிருப்பது

டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பலர் அலங்காரமென்று எண்ணுகின்றனர். அவை டயரின் ஜாதகம். உதாரணமாக 120/80-18, 62 எஸ் என்றிருந்தால், அகலம் 120 மில்லிமீட்டர். உயரம் அதில் நூற்றுக்கு 80 பங்கு, அதாவது 96 மில்லிமீட்டர். ரிம் 18 அங்குலம். 62 என்பது சுமையெண்; அது 265 கிலோவைக் குறிக்கும். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதன் அடையாளம். நமக்கு அவ்வேகம் வேண்டியதில்லை. ஆனால் சுமையெண் மிகவும் வேண்டும்.

கணக்கொன்று போடுவோம். வண்டி 130 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ, மூட்டை 50 கிலோ; ஆக 245. மூட்டை பின்னே இருப்பதால், இதில் மூன்றில் இரண்டு பங்கு பின் சக்கரத்தின்மேல் என்று கொண்டால் 163 கிலோ. பின் டயரின் சுமையெண் 51 எனில் அது தாங்குவது 195 கிலோ; பாதகமில்லை. அதே வண்டியில் 55 கிலோ எடையுள்ள இன்னொருவரும் மூட்டையோடு அமர்ந்தால் மொத்தம் 300. பின் சக்கரத்தின்மேல் 200. டயர் தன் எல்லையைக் கடந்துவிட்டது. அதுவும் காற்று சரியாக இருந்தால்தான் 195. காற்று குறைந்தால் தாங்கும் அளவும் குறையும். மூட்டையையும் மனைவி மக்களையும் ஒரே நடையில் ஏற்றும் வழக்கத்தை விட்டு, இரு நடையாகச் செல்லுமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம்.

இன்னும் பார்க்க வேண்டியவை: ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்பது, சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி எப்பக்கம் என்பது, தயாரித்த காலம். காலத்தை நான்கு இலக்கங்கள் சொல்லும். 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் என்று பொருள். கடைத் தட்டில் பல ஆண்டுகள் கிடந்த டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ட்யூபா, ட்யூப் இல்லாததா என்று சிலர் வினவலாம். கருவேல முள் நிறைந்த பாதையில் ட்யூப் இல்லாத டயருக்கு ஓர் அனுகூலம் உண்டு. முள் ஏறினாலும் காற்று மெல்லவே இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமலே ஓட்டையை அடைக்கலாம். ஆனால் கல்லில் மோதி ரிம் நெளிந்தால் காற்று நில்லாது. கம்பிச் சக்கரத்தில் பெரும்பாலும் ட்யூபே இருக்கும். அது அடியைத் தாங்கும், முள்ளைத் தாங்காது. உங்கள் சக்கரம் எதற்கென அமைந்ததோ அதனையே பின்பற்றுக.

காற்றும் ஒரு டயரே

நல்ல டயரைத் தப்பான காற்றோடு ஓட்டுவது, நல்ல பாவைத் தளர்ந்த தறியில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். மண்ணில் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் பரந்து பற்றும். கல்லின் அதிர்ச்சியையும் உள்வாங்கும். கையேட்டில் 28 என்றிருந்தால் மண் பாதையில் 23 அல்லது 24 வரை இறக்கலாம். அதற்கும் கீழே சென்றால், கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் ட்யூப் நசுங்கி ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டை விழும். டயர் ரிம்மில் நகர்ந்து வால்வையும் பிய்த்துவிடும். சுமை ஏற்றியிருந்தால் குறைக்கவே கூடாது.

தார்ச் சாலை ஏறுமுன் மறுபடியும் காற்றை நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு தாரில் ஓடும் டயர் நெளிந்து சூடேறி, உள்ளே உள்ள பாவு இழைகள் ரப்பரை விட்டுப் பிரியும். ஆகவே ஒரு சிறு கால் பம்பும், காற்றளவு காட்டும் கருவியும் வண்டியோடு இருக்க வேண்டியவை. இத்தொந்தரவு வேண்டாம் என்பவர், மண்ணுக்காகக் காற்றைக் குறைக்காமல், கையேட்டு அளவிலேயே மெல்ல ஓட்டுவது நலம். காற்றை அளப்பது எப்போதும் வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே.

எப்போது மாற்றுவது என்பதற்குச் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. இருசக்கர வண்டியின் டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. ஆனால் அது கடைசி எல்லை. கட்டைகளின் முன்விளிம்பு மழுங்கி உருண்டுபோனாலே மண்ணில் பல் இறங்குவது நின்றுவிடும். பக்கச் சுவரில் வெடிப்பு கண்டாலும், நூல் வெளியே தெரிந்தாலும் ஒரு நாளும் தாமதியாது மாற்ற வேண்டும்.

விலையும் செலவும்

விலை வேறு, செலவு வேறு என்பது கூட்டுறவாளர் அறிந்ததே. உதாரணத்துக்காக மட்டும் எண்களை வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாய் டயர் 20,000 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 10 காசு. 3,000 ரூபாய் பட்டன் டயர் தாரிலேயே பெரிதும் ஓடி 6,000 கிலோமீட்டரில் தேய்ந்தால், கிலோமீட்டருக்கு 50 காசு. தோட்டம் கேட்காத பட்டனுக்கு ஐந்து மடங்கு கொடுத்தவராகிறோம். உங்கள் பழைய டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதி வைத்தால், இக்கணக்கை நீங்களே செய்துகொள்ளலாம்.

பாதையும் பொதுச் சொத்தே

இறுதியாக ஒன்று. பெரிய பட்டன் டயர் சேற்றில் வீணே சுழலும்போது, அது பாதையை உழுதுவிடுகிறது. அடுத்த மழைக்கு அவ்வுழவுகால் ஓடையாகிறது; அதற்கடுத்த மழைக்குப் பாதையே அரித்துப்போகிறது. தலைச்சுமையோடு நடந்து வரும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அப்பாதையையே நம்பியிருக்கின்றனர். விடுமுறை நாளில் உல்லாசமாக மலைப் பாதையில் ஓட்ட விரும்பும் நம் இளைஞர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். காட்டு எல்லைக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைதலும் ஆகாது.

சங்கங்களும் இதில் ஒரு சிறு தொண்டு செய்யலாம். ஒரே அளவு டயர் தேவைப்படும் அங்கத்தினரின் பட்டியலைத் தயாரித்து, பத்துப் பேருக்கு ஒரே தடவையில் விலை பேசினால், தனியாள் பெறாத தள்ளுபடி கிடைக்கக்கூடும். தயாரித்த வாரத்தைப் பார்த்து வாங்கும் உரிமையும் கிடைக்கும். சங்க வாசலில் ஒரு நல்ல காற்றுப் பம்பும் அளவுக் கருவியும் வைத்தால், துணி கொடுக்க வருபவரும் மிளகு நிறுக்க வருபவரும் அதே நேரத்தில் காற்றையும் பார்த்துச் செல்வர். செலவு சொற்பம்; பயன் பெரிது.

ஐப்பசி மழை வருமுன், ஒரு மாலை நேரத்தில் உங்கள் வண்டியைச் சாய்த்து நிறுத்தி, இரு டயர்களையும் கையால் தடவிப் பாருங்கள். விளிம்பு மழுங்கியிருக்கிறதா, முள் ஏறியிருக்கிறதா, தேதி என்ன, சுமையெண் என்ன என்று பாருங்கள். பிறகு அந்தச் சிறு நோட்டைத் தொடங்குங்கள். ஒரு வாரத்தில் உங்கள் பாதை தனக்கு வேண்டிய டயரைத் தானே சொல்லிவிடும்.